குளத்தில் இறக்கிவிட ஓர் ஆள்

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்குத் தண்ணீர் என்றதும் முதலில் எழுவது கவலையே. ஆடி பிறந்தால் மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை நாளிதழில் அடிக்கணக்கில் படித்துப் பழகியவர்கள் நாம். 1925இல் தொடங்கி 1934இல் கட்டி முடிக்கப்பட்ட அவ்வணை, 120 அடி உயரத்திற்கு 93.47 டி.எம்.சி. நீரைத் தேக்கி, வானம் பார்த்த பூமியின் விளிம்பில் ஓர் உள்நாட்டுக் கடலையே உருவாக்கிற்று. ஏறத்தாழ அதே காலத்தில், 1931க்கும் 1936க்கும் இடையில், அமெரிக்க நாட்டின் நெவாடா, அரிசோனா மாநிலங்களின் எல்லையில் கொலராடோ ஆற்றை மறித்து ஹூவர் அணை எழுந்தது. பாலைவனத்தின் நடுவே மீட் ஏரி விரிந்தது. வறண்ட நிலத்தின் தாகத்தால் பிறந்த ஏரிகள் என்ற வகையில் இரண்டும் உடன்பிறப்புகள் எனலாம்.

அந்த மேற்குப் பாலைநிலத்து ஏரிகளில் காணக்கிடைக்கும் காட்சி ஒன்று நம் சிந்தனைக்கு உரியது. கரையில் சக்கர நாற்காலிகள் ஆளின்றி நிற்கும். அவற்றுக்கு உரியவர்கள் நீரின்மேல் இருப்பார்கள். இடுப்புக்குக் கீழே உணர்வற்ற ஒருவர், அகன்ற பலகைமேல் பொருத்திய இருக்கையில் அமர்ந்து, விசைப்படகு இழுக்கும் கயிற்றைப் பற்றியபடி அலையைக் கிழித்துச் செல்வார். பார்வையற்ற ஒருவர், இருவர் அமரும் சிறு படகின் முன்பகுதியில் துடுப்பிட, பின்னால் இருப்பவர் திசை சொல்லுவார். கைகளும் வலுவிழந்தவர் முதுகு சாயும் இருக்கையில் பட்டைகளால் தாங்கப்பெற்று, நீரின் குளிர்ச்சியையும் காற்றையும் முகத்தில் வாங்கிக்கொண்டிருப்பார்.

இதனைக் கேள்வியுறும் நம்மவர் சிலர் வியப்பர், பலர் "இது இப்போது தேவையா?" என்று வினவுவர். வினா நியாயமானது. நடக்க இயலாத ஒருவருக்கு நீரில் விளையாட உரிமை உண்டா? உண்டெனில், அதனை நிறைவேற்றித் தரும் கடமை யாருடையது?

மூன்று மறுப்புகள்

புனித தோமா அக்குவினார் எந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டாலும் எதிர்த்தரப்பின் வாதங்களையே முதலில் அடுக்குவார். குருமடத்தில் எங்களுக்குப் பழக்கப்பட்ட அம்முறையை இங்கும் கைக்கொள்வோம்.

முதல் மறுப்பு, தேவைகளின் வரிசையைப் பற்றியது. மாத உதவித்தொகைக்கு அலுவலகப் படிகளில் காத்திருப்போர் இருக்கிறார்கள். சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை இல்லை என்பதால் பள்ளிப் படிப்பை நிறுத்திய பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். சோறும் கல்வியும் வேலையும் முழுமையாகக் கிட்டாத நிலையில் படகுச் சவாரியைப் பற்றிப் பேசுவது முறையாகுமா?

இரண்டாவது, ஆபத்தைப் பற்றியது. நல்ல கால்கள் உடையோரையே விழுங்குவது நீர். ஏரியிலும் கிணற்றிலும் காவிரித் துறையிலும் கோடை விடுமுறை நாளில் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் நம் பங்குகளில் உண்டு. இயலாதவரை அங்கு அழைத்துச் செல்வது அன்பா, அசட்டுத் துணிவா?

மூன்றாவது, பக்தியின் மொழியில் வருவது. ஊனம் என்பது இறைவன் அனுமதித்த சிலுவை. அதனைப் பொறுமையோடு சுமப்பதே புண்ணியம். விளையாட்டு அம்மனநிலையைக் குலைத்துவிடும் என்பது.

மூன்றும் நல்ல மனத்திலிருந்தே பிறக்கின்றன. ஆயினும் மூன்றும் நிற்குமா என்று பார்ப்போம்.

மருத்துவமனையில் பிறந்த விளையாட்டு

தேவை வேறு, விளையாட்டு வேறு என்னும் பிரிவினையை வரலாறு ஏற்கவில்லை. முதுகுத்தண்டு முறிந்தவர்கள் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் விரைவில் இறந்துபோவதே அக்காலத்து வழக்கமாக இருந்தது. நாட்சி ஆட்சியிலிருந்து தப்பி 1939இல் இங்கிலாந்து சென்ற யூத மருத்துவர் லுட்விக் குட்மன், 1944இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் அத்தகையோருக்கான பிரிவின் பொறுப்பை ஏற்றார். நோயாளிகளைப் படுக்கையில் முறையாகத் திருப்பிவிடுவதும், அவர்கள் கைகளில் பந்தையும் வில்லையும் கொடுப்பதும் அவருடைய மருத்துவத்தில் ஒன்றாகவே அமைந்தன. 1948 ஜூலை 29 அன்று, முன்னாள் படைவீரர் 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டனர். இன்றைய பாராலிம்பிக் போட்டிகளின் விதை அதுவே.

1960இல் அவ்விளையாட்டுகள் உரோமை நகரில் நடைபெற்றன. 23 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 400 பேர் பங்கேற்றனர். நீச்சலும் அவற்றுள் ஒன்று. திருத்தந்தை 23ஆம் யோவான் அவர்களை வத்திக்கானில் வரவேற்று, நவீன ஒலிம்பிக் போட்டிகளைத் தோற்றுவித்த கூபெர்தானுக்கு நிகராகக் குட்மனைப் பாராட்டினார். முடக்குற்றோரின் விளையாட்டைத் திருச்சபை தொடக்கத்திலேயே ஆசியுடன் நோக்கிற்று என்பதை நாம் மறந்துவிட்டோம்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. படைவீரர் முரளிகாந்த் பேட்கர், 1965ஆம் ஆண்டுப் போரில் குண்டுகள் பாய்ந்து இடுப்புக்குக் கீழே இயக்கம் இழந்தார். சிகிச்சையாகத் தொடங்கிய நீச்சல் அவரை 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகருக்கு அழைத்துச் சென்றது. 50 மீட்டர் நீச்சலில் 37.33 வினாடிகளில் கரை தொட்டுப் பொற்பதக்கம் பெற்றார். அதனை நாடு நினைவுகூர்ந்து பத்மஸ்ரீ விருது அளித்தது 2018இல்தான்.

இதில் நீருக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. கழுத்தளவு நீரில் நிற்பவர் தம் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கையே தாங்க வேண்டியிருக்கும். மற்றதை நீரே சுமக்கிறது. நிலத்தில் அசைக்க முடியாத காலை நீரில் சிலரால் அசைக்க முடிகிறது. நிலத்தில் எப்போதும் பிறரால் தூக்கப்படுபவர், துணை அருகில் இருக்க, சில நிமிடங்களேனும் எவர் கையும் தம்மைத் தொடாமல் மிதக்கிறார். அவருக்கு அந்தச் சில நிமிடங்களின் மதிப்பு என்ன என்பதை, நாள்தோறும் நம் விருப்பப்படி எழுந்து நடக்கும் நாம் எளிதில் அளந்துவிட முடியாது.

விளையாட்டும் ஒரு நற்பண்பே

எனினும் ஓர் எச்சரிக்கை. நீச்சல் மருந்தாகப் பயன்படுகிறது என்பதால் மட்டுமே அதற்கு இசைவோமானால், மாற்றுத்திறனாளியை நாம் இன்னும் நோயாளியாகவே காண்கிறோம் என்று பொருள். நம் பிள்ளைகள் மேட்டூர்ப் பூங்காவில் ஓடியாடும்போது அதனை உடற்பயிற்சி என்று கூறியா அனுமதிக்கிறோம்? மகிழ்ச்சிக்காக விளையாடுகிறார்கள், அது போதும் என்று விட்டுவிடுகிறோம். அதே அளவுகோல் இவர்களுக்கு ஏன் இல்லை?

தம் இறையியல் தொகுப்பின் இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பகுதி, 168ஆவது கேள்வியில் தோமா விளையாட்டைப் பற்றி ஆராய்கிறார். உடலுக்கு ஓய்வு தேவைப்படுவதுபோல் ஆன்மாவுக்கும் ஓய்வு தேவை. அவ்வோய்வு மகிழ்ச்சியில் இருக்கிறது. எனவே அளவறிந்து விளையாடுவது ஒரு நற்பண்பு என்பது அவர் முடிபு. எந்நேரமும் வளைத்தே வைத்திருந்தால் வில் முறிந்துபோகும் என்று திருத்தூதர் யோவானைப் பற்றி வழங்கும் பழங்கதையையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். அதைவிட முக்கியமானது அவர் அடுத்துக் கூறுவது. தானும் மகிழாமல், பிறர் மகிழ்ச்சிக்கும் தடையாய் நிற்பது அறிவுக்கு ஒவ்வாதது. அது ஒரு குற்றம் என்கிறார்.

இக்கூற்றை நம் ஏரிக்கரைகளில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒருவர் நீரை அடையாதபடி படிகளை மட்டுமே கட்டி வைத்திருப்பது பிறர் மகிழ்ச்சிக்குத் தடையாய் நிற்பது ஆகாதா? ஏழையின் சோற்றுத் தேவையைச் சொல்லி அவருடைய மகிழ்ச்சியைத் தள்ளிப்போடும் நாம், நம் திருவிழாக்களையும் சுற்றுலாக்களையும் அப்படித் தள்ளிப்போட்டதுண்டா? உதவித்தொகையும் கழிப்பறையும் கட்டாயம் வேண்டும். ஆனால் அவை எல்லாம் முடிந்த பிறகுதான் மகிழ்ச்சி என்றால், ஒரு மனிதரின் முழு இளமையும் காத்திருப்பிலேயே கழிந்துவிடும்.

சட்டமும் இதனையே உணர்ந்துள்ளது. 2006ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை, தன் 30ஆவது பிரிவில் பொழுதுபோக்கையும் விளையாட்டையும் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளாக வரையறுத்தது. இந்தியா அதனை 2007இல் ஏற்றது. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டுச் சட்டமும் 29, 30ஆம் பிரிவுகளில் பொழுதுபோக்கையும் விளையாட்டையும் அரசின் பொறுப்பில் சேர்த்தது. ஆக, இது தயவாக ஈயப்படும் பொருளன்று. நீதியின் எல்லைக்குள் வருவது.

முப்பத்தெட்டு ஆண்டுகளும் ஒரு கேள்வியும்

யோவான் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் வரும் பெத்சதா குளத்து நிகழ்ச்சி நாம் அறிந்ததே. ஐந்து மண்டபங்கள் சூழ்ந்த குளம். கரையில் உடல் நலமற்றோர் கூட்டம். அவர்களுள் ஒருவர் முப்பத்தெட்டு ஆண்டுகளாக நோயுற்றவர். அவர் இயேசுவிடம் முறையிடுவதைக் கவனியுங்கள். கால் விளங்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. நீர் கலங்கும்போது தம்மை இறக்கிவிட ஆளில்லை என்பதும், தாம் போவதற்குள் வேறொருவர் இறங்கிவிடுகிறார் என்பதுமே அவருடைய துயரம்.

ஊனம் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை அரிது. அவரது உடலில் ஒரு குறை இருந்தது உண்மை. அதைக் கடக்க முடியாத சுவராக்கியது ஆளில்லாமையே. முப்பத்தெட்டு ஆண்டுகளில் எத்தனை ஆயிரம் பேர் அவரைத் தாண்டி நடந்திருப்பார்கள்! அவருக்குச் சிலர் காசு கொடுத்திருக்கலாம், சிலர் சோறு கொடுத்திருக்கலாம். நீருக்குள் இறக்கிவிட ஒருவரும் வரவில்லை.

இன்னொன்றையும் காண வேண்டும். இயேசு அவரைப் பார்த்ததும் தூக்கிவிடவில்லை. நலம்பெற விருப்பமா என்று முதலில் கேட்டார். விடை வெளிப்படையாகத் தெரிந்திருந்தும் கேட்டார். நம் உதவிகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இக்கேள்வியே. கேட்காமலே நாற்காலியைத் தள்ளுகிறோம். கேட்காமலே மூட்டையைத் தூக்குவதுபோல் ஆளைத் தூக்குகிறோம். கேட்காமலே "உங்களுக்கு இது வேண்டாம்" என்றும் முடிவு செய்கிறோம். நீரை விரும்பாதவரை இறக்குவதும், விரும்புபவரைத் தடுப்பதும் ஒரே தவற்றின் இரு முகங்கள்.

ஆண்டவரைப்போல் ஒரு சொல்லால் நலமளிக்க நம்மால் இயலாது. இறக்கிவிடும் ஆளாக இருக்க நம்மால் இயலும்.

ஆபத்தும் மாண்பும்

இனி இரண்டாம் மறுப்பு. அமெரிக்கரான ராபர்ட் பெர்ஸ்கி என்பவர் 1972இல் ஒரு கட்டுரையில், ஆபத்தைச் சந்திப்பதிலும் மனித மாண்பு உண்டு என்று வாதிட்டார். எல்லா ஆபத்துகளிலிருந்தும் ஒருவரைக் காக்க முற்பட்டால், அவரை வளரவிடாமலும் வாழவிடாமலும் செய்துவிடுவோம் என்பது அவர் கருத்தின் சாரம். மிதிவண்டி பழகும் மகன் விழுவான் என்று தெரிந்தே கைப்பிடியை விடுகிறார் தந்தை. அந்த விடுதலையை மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு மறுப்பது, பெரும்பாலும் நம் அச்சத்தைத் தணித்துக்கொள்ளவே.

ஆயினும் விவேகம் இல்லாத துணிவு நற்பண்பு ஆகாது. ஆதலால் முறைகள் வேண்டும். எவராயினும் மிதவை அங்கி அணியாமல் படகேறக் கூடாது. மீட்புப் படகும் பயிற்சி பெற்ற நீச்சல்காரரும் அருகிலேயே இருக்க வேண்டும். வலிப்பு நோய் உள்ளவருக்கு மருத்துவரின் ஒப்புதல் தேவை. உணர்வற்ற தோல் வெயிலில் காய்ந்த படகின் சூட்டை அறியாது. ஆகவே இருக்கையில் மெத்தை விரிக்க வேண்டும். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்ட பலருக்கு அடிபட்ட இடத்திற்குக் கீழே வியர்வை சுரப்பதில்லை. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் உடல்சூடு விரைவில் ஏறும். எனவே காலை வேளையே ஏற்றது. கவிழ்ந்தால் உடனே விடுபடும்படியே பட்டைகள் அமைய வேண்டும். இவ்வளவும் செய்த பின்னரும் சிறிது ஆபத்து எஞ்சியிருக்கும். நமக்கும் அது எஞ்சியே இருக்கிறது.

மூன்றாம் மறுப்புக்கு விடை சுருக்கமானது. தவிர்க்க இயலாத துன்பத்தை விசுவாசத்தோடு ஏற்பது சிலுவை. ஆனால் படிக்கட்டு ஆண்டவர் தந்த சிலுவை அன்று, கொத்தனார் கட்டியது. நாம் கட்டிய தடையைப் பிறர் தோளில் ஏற்றிவிட்டு அதற்குச் சிலுவை என்று பெயரிடுவது சிலுவைக்கே இழுக்கு.

பதக்கம் நுழைவுச்சீட்டு ஆகலாமா?

நம் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி சிற்றூரின் மாரியப்பன் தங்கவேலுவை அறியாதார் இலர். ஐந்து வயதில் பேருந்து மோதி வலக்கால் சிதைந்தவர். காய்கறி விற்ற தாயின் உழைப்பில் வளர்ந்து, 2016இல் ரியோ நகரில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டிப் பொற்பதக்கம் வென்றார். 2021இல் நடந்த டோக்கியோ போட்டியில் வெள்ளியும், 2024இல் பாரிசில் வெண்கலமும் பெற்றார். நீர்விளையாட்டில் குவாலியரின் பிராச்சி யாதவ் இத்தகையவர். பிறவியிலேயே இடுப்புக்குக் கீழே இயக்கமற்ற அவர், போபாலின் சிறிய ஏரியில் துடுப்புப் படகு பழகி, டோக்கியோவில் அப்பிரிவின் இறுதிச் சுற்றை எட்டினார். 2023இல் ஹாங்சோ நகரில் ஆசியப் பொற்பதக்கமும் வென்றார்.

இவர்களால் நமக்குப் பெருமை. ஆனால் இப்பெருமையில் ஒரு கண்ணி உள்ளது. பதக்கம் வென்றவரைத் தோளில் தூக்கும் சமூகம், வெல்ல விரும்பாத, வெறுமனே நனைய விரும்பும் ஒருவரைப் பார்ப்பதில்லை. நம் பங்குகளில் ஐம்பது வயதைக் கடந்த போலியோ பாதிப்புற்றோர் உள்ளனர். நெடுஞ்சாலை விபத்தில் முதுகு முறிந்த லாரி ஓட்டுநர்களும் இவ்வட்டாரத்தில் உள்ளனர். அவர்கள் எவரும் சாதனையாளர் ஆக வேண்டியதில்லை. ஏரியில் ஒரு மணி நேரம் மகிழ்ந்திருக்க எவ்வித வீரச்செயலும் முன்நிபந்தனை ஆகக் கூடாது.

சென்னை மெரினாவில் இக்கருத்து ஓரளவு உருப்பெற்றது. மாற்றுத்திறனாளி அமைப்புகளின் நெடுங்காலக் கோரிக்கையின் பயனாக, 2022 நவம்பர் 27 அன்று, மணல் வழியே கடலை நெருங்கும் 263 மீட்டர் நீள மரப்பாதை 1.14 கோடி ரூபாய்ச் செலவில் திறக்கப்பட்டது. இரு வாரங்களுக்குள் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைச் சிதைத்தது. பின்னர் அது சீரமைக்கப்பட்டது. அப்பாதையில் செல்ல ஒருவரும் பந்தயம் வெல்ல வேண்டியதில்லை. கடலைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை போதும்.

பரிசல் சொல்லும் பாடம்

நம் பகுதியில் இதற்கான வழி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்பதில்லை. மேட்டூர் நீர்த்தேக்கத்தில் பண்ணவாடித் துறையைக் கண்டவர்கள் அறிவார்கள். நீர் குறையும் காலத்தில், அணை கட்டும்போது மக்கள் விட்டுச்சென்ற பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் நந்தி சிலையும் அங்கே தலைகாட்டும். அந்நீரில் மீனவர்கள் ஓட்டும் பரிசலை எண்ணிப் பாருங்கள். மூங்கில் பிளாச்சுகளால் பின்னிய வட்டக்கூடை, தட்டையான அடி. அதில் எவரும் நிற்பதில்லை. பண்ணையாரும் கூலியாளும், ஓடக்கூடியவரும் ஓட இயலாதவரும் ஒரே மட்டத்தில் தரையோடு அமர்கிறார்கள். துடுப்பிடுபவருக்கு வேண்டியது கைவலிமை. பரிசலில் கால்களுக்கு வேலையே இல்லை. ஏறியபின் வேற்றுமை மறைந்துவிடுகிறது. வேற்றுமை இருப்பதெல்லாம் கரையிலிருந்து பரிசலுக்கு உள்ள அந்த நாலடித் தொலைவில்தான்.

அந்த நாலடியைக் கடப்பதே நம் பணி. படிகளின் அருகே ஒரு சரிவுப்பாதை; படகின் மட்டத்தோடு ஏறியிறங்கும் மிதவைத் தளம்; மணலில் புதையாத அகன்ற சக்கரம் கொண்ட நாற்காலி; முதுகு சாயும் இருக்கை. நாமக்கல்லின் பாடி கட்டும் பட்டறைகளில் முழு லாரியையே உருவாக்கும் கைகள் உள்ளன. திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளை நாடெங்கும் அனுப்புகிறது. குழாய் இரும்பை வளைத்து ஒரு படகு இருக்கை பற்றவைப்பது இவர்களுக்கு ஒரு பொழுது வேலை.

வரும் விடுமுறையில் ஏற்காட்டு ஏரிக்கோ, கொல்லிமலை வாசலூர்ப்பட்டிப் படகுத்துறைக்கோ, ஜேடர்பாளையத்துக்கோ செல்லும் அன்பர்கள் ஒரு காரியம் செய்யலாம். வாகனம் நிற்கும் இடத்திலிருந்து நீர் வரையுள்ள வழியைக் கால்களால் அளக்காமல் சக்கரங்களால் அளந்து பாருங்கள். எந்த இடத்தில் சக்கரம் நிற்குமோ அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, உரிய அதிகாரிக்கு ஒரு மனு எழுதுங்கள். பங்கு இளைஞர் இயக்கத்தார் நீச்சலும் மீட்பு முறையும் கற்றுக்கொள்ளலாம். அனைத்திற்கும் முன்பாக, நம் தெருவில் வீட்டுத் திண்ணையிலேயே வாழ்நாளைக் கழிக்கும் அந்த ஒருவரிடம் சென்று, தண்ணீர்ப் பக்கம் போய்வர விருப்பமா என்று கேட்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் சற்று நேரம் அமர்ந்து பேசிவிட்டு வரலாம். ஆம் என்று சொன்னால், அவரை இறக்கிவிட ஓர் ஆள் தேவைப்படும்.